மடி மட்டும் போதாது: கைக்குழந்தையோடு செல்லும் பயணங்கள்



மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிறக்கும் ஒரு தமிழ்க் குழந்தை, இரண்டு வயது நிறைவதற்குள் எத்தனை பயணங்கள் போகிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். முப்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் தாய்வீட்டிலிருந்து கணவர் வீட்டுக்குப் பயணம். தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து தைப்பிங்கிற்கோ சுங்கைப் பட்டாணிக்கோ பயணம். சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோர் என்றால் மாதம் ஒருமுறை ஜொகூர் பாலத்தைக் கடக்கும் பயணம். தைப்பூசத்தில் கரும்புத் தொட்டில் நேர்த்திக்கடன். பிறகு முடியிறக்கிக் காது குத்தத் தமிழ்நாட்டுக் குலதெய்வக் கோயிலுக்கு ஒரு விமானப் பயணம்.

இவை அனைத்தும் மகிழ்ச்சியான பயணங்கள்தாம். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூடக் குழந்தை கேட்டு வாங்கியதில்லை. நாள் குறிப்பவர்கள் பெரியவர்கள். டிக்கெட் எடுப்பவர்கள் பெரியவர்கள். வெயிலையும் நெரிசலையும் தண்ணீர் மாற்றத்தையும் உடலால் தாங்க வேண்டியது மட்டும் குழந்தை. ஆகவே முதல் ஈராண்டுப் பயணங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்பது அவசியமாகிறது.

எப்போது புறப்படலாம்?

பிறந்த குழந்தையை விமானத்தில் கொண்டு செல்வதற்கு 7 நாள் நிறையும்வரை காத்திருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஆரோக்கியமான குழந்தைக்குச் சொன்னது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நுரையீரல் அல்லது இருதயக் கோளாறு உள்ள குழந்தை ஆகியோருக்கு மருத்துவரின் சம்மதம் கட்டாயம் தேவை. விமானம் உயரத்தில் பறக்கும்போது அதனுள் இருக்கும் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள ஒரு மலையில் இருக்கும் அழுத்தத்திற்குச் சமமாகக் குறைகிறது. ஆரோக்கியமான குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கும் குழந்தை அப்படியே தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது தடுப்பூசி. தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய். நோயாளி இருந்த அறைக்குள் இரண்டு மணி நேரம் கழித்து நுழைபவரையும் அது தொற்றக்கூடும். மலேசியாவில் எம்.எம்.ஆர். தடுப்பூசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடப்படுகிறது. சிங்கப்பூரில் 12 மாதத்திலும் 15 மாதத்திலும் போடப்படுகிறது. அப்படியானால் 8 மாதக் குழந்தையைத் தமிழ்நாட்டுத் திருவிழாக் கூட்டத்திற்குள் தூக்கிச் செல்லும் பெற்றோர், பாதுகாப்பு இல்லாத குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். வெளிநாடு செல்லும் 6 மாதம் முதல் 11 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு முன்கூட்டியே ஒரு தட்டம்மை ஊசி போடும் வழக்கம் உண்டு. அது கூடுதல் ஊசி. வழக்கமான அட்டவணையில் அது சேராது. பின்னர் போட வேண்டியவற்றையும் தவறாமல் போட வேண்டும். டைபாய்டு காய்ச்சலுக்கும் 6 மாதத்திலிருந்தே போடக்கூடிய ஒருவகைத் தடுப்பூசியை, அந்நோய் அதிகமுள்ள நாடுகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது.

இவற்றையெல்லாம் பயணத்திற்கு முதல் நாள் கேட்டுப் பயனில்லை. உடல் எதிர்ப்புச் சக்தியை உருவாக்க இரண்டு வாரமாவது வேண்டும். டிக்கெட் எடுத்த வாரத்திலேயே குழந்தையின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்கிற்குப் போவதுதான் முறை.

காரில்: பாட்டியின் மடியா, குழந்தை இருக்கையா?

இந்த உரையில் மிக முக்கியமான பகுதி இதுதான். விமானப் பயணத்தைக் கண்டு அஞ்சும் குடும்பங்கள், காரில் போவதைப் பயணமாகவே எண்ணுவதில்லை. குழந்தை வீட்டிலிருந்து புறப்பட்டதும் பாட்டியின் மடிக்குப் போகும். அழுதால் முன்னிருக்கையில் இருக்கும் அம்மாவிடம் வரும். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே இந்தக் கைமாற்றம் நடக்கும்.

“என் கைப்பிடியை விடவா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பத்திரம்?” என்று பாட்டிமார்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது. அதனால் அதைக் கேலி செய்யாமல் பதில் சொல்ல வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன்மீதாவது மோதினால், அது நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்களோ அதே வேகத்தில் முன்னே போவார்கள். அந்தக் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, 200 கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தைத் தாங்கும் வலிமை வேண்டும். ஒரு பயில்வானுக்கும் அந்த வலிமை கிடையாது. பாட்டி வார் போடாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவருடைய முழு உடலும் குழந்தையை முன்னிருக்கையோடு வைத்து நசுக்கிவிடும். இருவரையும் ஒரே வாரால் கட்டிக்கொள்வதும் இதே ஆபத்துதான்.

மலேசியாவில் தனியார் வாகனங்களில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. பின்னிருக்கையில் இருப்பவர்கள் வார் அணிய வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே, 2009 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கு ஏற்ற பாதுகாப்பு இருக்கை வேண்டும். அங்கே டாக்சிகளுக்கு விதிவிலக்கு உண்டு. விதிவிலக்கு சட்டத்திலிருந்துதான் காப்பாற்றும், மோதலிலிருந்து காப்பாற்றாது என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்வது நல்லது.

இருக்கை வாங்கும்போது ஐக்கிய நாட்டுத் தர எண்களான ஆர்44 அல்லது ஆர்129 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஈராண்டுகளில் குழந்தை பின்புறம் பார்த்தபடி அமர வேண்டும். ஆர்129 தரத்தின்படி குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான் அமர்த்த வேண்டும். அதற்குப் பிறகும் இருக்கையின் அளவு இடம் தரும்வரை தொடர்வது நல்லது. காரணம் எளியது. குழந்தையின் உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்து பலவீனமானது. பின்புறம் பார்த்து அமர்ந்தால் மோதலின் அதிர்ச்சியை இருக்கையின் முதுகுப்பகுதி முழுவதும் வாங்கிக்கொள்கிறது. முன்னே பார்த்து அமர்ந்தால் கழுத்து வாங்குகிறது. காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில், பின்புறம் பார்க்கும் குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கலாகாது.

குழந்தை இருக்கையில் அழுகிறதே என்பது அடுத்த முறையீடு. பிறந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் நாளே இருக்கையில் வந்த குழந்தை, அதை வழக்கமாக ஏற்றுக்கொள்ளும். பத்து மாதம் மடியில் பழகிவிட்டுத் தீபாவளிக்கு முதல் நாள் கட்டி வைத்தால் அழத்தான் செய்யும். அதோடு, இருக்கையில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்திற்கு மேல் குழந்தையை வைக்கக்கூடாது. பிறந்த சில வாரங்களே ஆன குழந்தைக்கு அரை மணி நேரமே அதிகம். தலை முன்னே தொங்கினால் மூச்சுவழி அடைபடக்கூடும். வடக்கே போகிறவர்கள் தாப்பாவிலும் தெற்கே போகிறவர்கள் ஆயர் குரோவிலும் மாச்சாப்பிலும் உள்ள ஓய்வுப் பகுதிகளில் வண்டியை நிறுத்தி, பால் கொடுத்து, பெம்பர்ஸ் மாற்றி, குழந்தையைச் சற்று நேரம் மல்லாக்கப் படுக்க வைத்து அழைத்துச் செல்லலாம். நாலு மணி நேரப் பயணம் ஆறு மணி நேரம் ஆகட்டும். வீட்டில் யாரும் தீபாவளியை முடித்துவிட்டுப் போய்விட மாட்டார்கள்.

இன்னொன்று. “ஐந்து நிமிடம்தானே” என்று உறங்கும் குழந்தையை வண்டியில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகும் பழக்கம் உயிரைப் பறிக்கும். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் முதல் 10 நிமிடத்திலேயே சுமார் 10 பாகை உயர்ந்துவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. குழந்தையின் உடல் சூடு, பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாக ஏறுகிறது. வண்டியில் மறந்துவிடப்பட்ட குழந்தைகள் இறந்த செய்திகள் மலேசியாவில் அண்மை ஆண்டுகளிலும் வந்தன. அந்தப் பெற்றோர் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்றைய வழக்கம் மாறியது, குழந்தை பின்னால் சத்தமின்றி உறங்கியது, மனம் வேலையில் இருந்தது. கைப்பையையோ கைத்தொலைபேசியையோ பின்னிருக்கையில் குழந்தையின் பக்கத்தில் வைக்கும் சிறு பழக்கம், அந்த மறதிக்கு ஒரு தடுப்பாக அமையும்.

விமானத்தில்

கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும், தனி விசாவும் வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை பெற்றோரின் மடியில் பயணம் செய்யலாம். பயணத்தின் நடுவே குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்தால், திரும்பி வரும்போது தனி இருக்கை எடுக்க வேண்டியிருக்கும். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குச் செல்லும் சிறிய விமானங்களில் குழந்தைத் தொட்டில் பெரும்பாலும் கிடையாது. பெரிய விமானங்களில் உண்டு. ஆனால் எடை வரம்பு இருக்கிறது, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். விமானம் குலுங்கும்போது குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து, பணியாளர் தரும் இணைப்பு வாரில் மாட்டிக்கொள்ள வேண்டும். திரவப் பொருள்களுக்கு 100 மில்லிலிட்டர் என்ற வரம்பு இருந்தாலும், பயணத்திற்குத் தேவையான அளவு குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. சோதனையின்போது அவற்றைத் தனியே எடுத்துக் காட்டினால் போதும்.

விமானம் இறங்கும்போது குழந்தைகள் வீறிட்டு அழுவதற்குக் காரணம் காது. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் சிறு குழாய் குழந்தைகளுக்குக் குறுகியது. வெளியழுத்தம் மாறும்போது அது திறந்தால்தான் வலி நீங்கும். விழுங்கும்போது அது திறக்கிறது. ஆகவே ஏறும்போதும் இறங்கும்போதும் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுப்பது நல்லது. தரையைத் தொடும் நேரம் வரை காத்திருக்கக்கூடாது. தரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரத்திற்கு முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும்.

குழந்தை தூங்கிவிடட்டும் என்று ஒரு கரண்டி சளி மருந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இது வேண்டவே வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளைச் சொந்தமாக வாங்கிக் கொடுக்கலாகாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இலேயே எச்சரித்தது. மூச்சுத் திணறலும் வலிப்பும் வரக்கூடும். பக்கத்து இருக்கைக்காரரின் முகச்சுளிப்பை நான்கு மணி நேரம் பொறுத்துக்கொள்வது அதைவிட எவ்வளவோ மேல்.

தமிழ்நாட்டில் இறங்கிய பிறகு

மலேசிய நேரத்தைவிடத் தமிழ்நாட்டு நேரம் இரண்டரை மணி நேரம் பிந்தியது. ஈப்போவில் காலை 6 மணிக்கு விழிக்கும் குழந்தை, மதுரையில் விடியற்காலை 3.30 மணிக்கு விழிக்கும். இது பிடிவாதம் அல்ல, உடலின் கடிகாரம். சில நாளில் பழகிவிடும். அந்தச் சில நாளுக்குள் ஐந்து கோயில், பத்து வீடு என்று திட்டம் போட்டால், தாயும் குழந்தையும் சேர்ந்து படுத்துவிடுவார்கள்.

அங்கேயும் காரில் குழந்தை இருக்கை வேண்டும். இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்கு உட்பட்டவர்கள் வாரோ குழந்தை இருக்கையோ இன்றிப் பயணம் செய்தால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஆனால் வாடகை வண்டிகளில் குழந்தை இருக்கை கிடைப்பது அரிது. பல விமான நிறுவனங்கள் குழந்தை இருக்கையைக் கட்டணமின்றி ஏற்றிக்கொள்கின்றன. அதைக் கையோடு கொண்டு போவதும், வண்டி பேசும்போதே பின்னிருக்கையில் வார் வேலை செய்கிறதா என்று கேட்பதும் புத்திசாலித்தனம்.

தண்ணீரும் உணவும் அடுத்த கவலை. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். கத்திரி வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை; பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். மாவுப்பால் கலப்பவர்கள் 70 பாகைக்குக் குறையாத சூடுள்ள நீரில் கலக்கி, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். கலக்கி இரண்டு மணி நேரம் ஆன பாலைக் கொட்டிவிட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ஆசையோடு குழந்தையின் நாக்கில் தேன் தடவ வருவார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர், குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். “டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அத்தை” என்று பணிவாகச் சொன்னால் யார் மனமும் புண்படாது.

வயிற்றுப்போக்கு கண்டால், பயணப் பெட்டியில் இருக்க வேண்டிய முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைத் தூள். பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். நீர் குறைந்தாலும் கூடினாலும் பலன் கெடும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு கடைகளில் விற்கப்பட்ட சில இனிப்புப் பானங்களில் சர்க்கரை மிகுதியாக இருந்ததால், உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு ஒத்துவராத பானங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. எனவே மருந்துக்கடையில் தூள் பொட்டலமாகவே கேட்டு வாங்க வேண்டும். இங்கிருந்தே நாலு பொட்டலம் கொண்டு போனால் இன்னும் நல்லது. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் உள்வாங்கியிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது, மலத்தில் இரத்தம் என்றால் உடனே மருத்துவமனை. மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் அடித்தால், அது இரவானாலும் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது.

தீபாவளிக் காலம் தமிழ்நாட்டில் மழைக்காலம். கொசுவும் டெங்கியும் கூடும் காலம். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் கொசு விரட்டி மருந்து பூசக்கூடாது. கொசுவலையும் கை கால் மூடும் மெல்லிய பருத்தி உடையும்தான் காவல். தூங்க வைக்கும்போது, உறவினர்கள் நெருக்கிப் படுக்கும் மெத்தையின் நடுவில் வைக்காமல், தட்டையான தனி விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும்.

கரும்புத் தொட்டிலும் கூட்டமும்

பத்துமலையின் 272 படிகளில் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து ஏறும் காட்சி, பிள்ளைவரம் கேட்டவர்களின் நன்றிக் காட்சி. அதைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் தைப்பூச நாளின் உச்சிவெயிலில்தான் அதைச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல குடும்பங்கள் முந்திய நாள்களில், விடியற்காலையில் அமைதியாக நேர்த்திக்கடனைச் செலுத்திவிடுகின்றன. தொட்டில் துணியால் குழந்தையின் முகம் மூடிவிடாமல் ஒருவர் பக்கத்திலேயே நடந்து வர வேண்டும். ஒலிபெருக்கிக்கும் உறுமி மேளத்திற்கும் அருகில் நெடுநேரம் நிற்கக்கூடாது. கூட்டத்தில் கையிலிருந்து கைக்குக் குழந்தையை மாற்றிக் கொஞ்சவிடுவதையும் தவிர்க்க வேண்டும்.

இறுதியாக ஒரு கருத்து. இந்தப் பயணங்களில் மிகவும் கடினமான வேலை மூட்டை கட்டுவது அல்ல. “இப்போது வேண்டாம்” என்று சொல்வது. மண்டபம் பிடித்தாகிவிட்டது, உறவினர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்காது என்ற நிலையில், இருமிக்கொண்டிருக்கும் ஏழு மாதக் குழந்தைக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட ஓர் இளம் தாயால் தனியாகச் சொல்ல முடிவதில்லை. அவள் பயந்தவள், படித்த திமிர் பிடித்தவள் என்ற பேச்சு வரும். அங்கேதான் கணவர் பேச வேண்டும். மாமியாரும் மாமனாரும் துணை நிற்க வேண்டும். முடியிறக்கும் சடங்கு அடுத்த தை மாதமும் நடக்கும். குலதெய்வம் அதுவரை காத்திருக்கும். குழந்தையின் உடல்நிலை பார்த்து நாள் குறிக்கும் வழக்கத்தைப் பெரியவர்களே முன்னின்று தொடங்கினால், எந்தத் தாயும் அதைக் கேட்டு வாதாட வேண்டியிருக்காது.